சோளத்துக்குப் பயந்த ஐரோப்பா அங்கிள்

ப்ரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து யாரோ ஐரோப்பா முழுமைக்கும் போடுகிற சட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் மதிக்கிறார்களோ இல்லையோ, நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் ஒரு மனிதர் எழுத்துப் பிசகாமல் மதித்தார். அவர் ஐரோப்பாவுக்குப் போனதே இல்லை. ஈரோட்டுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு தடவை ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறியிருக்கிறார். அங்கே தின்ற காய்ந்த ரொட்டியைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார். "வெறும் ரொட்டிதானுங்க அம்மிணி. ஆனா சுத்தமான ரொட்டி!"

எங்கள் தெருவில் அவருக்கு ஐரோப்பா அங்கிள் என்று பெயர். எனக்கும் அவருக்கும் அப்படியொன்றும் பெரிய வயது வித்தியாசமில்லை. இந்த ஊரில் தலை நரைத்தால் அங்கிள், அவ்வளவுதான் விதி. ஆபீசில் அவர் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதாவது, எவனோ கஷ்டப்பட்டு எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது. வீட்டுக்கு வந்த பிறகும் மனிதர் அதே வேலையைத்தான் செய்தார், சம்பளமில்லாமல்.

அவருடைய ஒரே எதிரி மரபணு மாற்றிய பயிர். குறிப்பாக மக்காச்சோளம். அமெரிக்காவில் சோளத்தை எதிர்த்துக்கொண்டு வாழ்வதென்றால் சும்மாவா? பிஸ்கட்டில் சோளம், ஜூஸில் சோளச் சர்க்கரை, மாத்திரையில் சோள மாவு. கடையில் என் கையிலிருக்கும் எண்ணெய் டப்பாவைப் பிடுங்கி, போன் டார்ச்சைப் போட்டு, பொடி எழுத்தைப் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுவார். "ஐரோப்பாவுல தடைங்க இது." அவர் தலை தெரிந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் அரிசி வரிசையிலிருந்து அப்பள வரிசைக்குத் தாவுவார்கள். மாட்டிக்கொண்டவர்கள் "ஆமா அங்கிள், ஆமா அங்கிள்" என்று தலையாட்டியபடியே நழுவுவார்கள்.

ஒரு நாள் பெட்ரோலிலும் சோளச் சாராயம் கலக்கிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டார். நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள முடியாது, பங்க்கில் ஆள் வந்துதான் போடுவார். அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு, "இதுல கலந்திருக்கிறது எந்தச் சோளம்?" என்று விசாரணை வைத்தார். அவர் பஞ்சாப்காரர், பாவம். "கேஷா, கார்டா?" என்று மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டார். பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன. அடுத்த மாதமே அங்கிள் எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டார். உலகத்திலேயே சோளத்துக்குப் பயந்து எலக்ட்ரிக் கார் வாங்கிய ஒரே ஆத்மா அவராகத்தான் இருக்கும்.

எங்கள் டவுன்ஷிப் மேயர் யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் யார் எந்தப் பக்கம் கையைத் தூக்கினார்கள் என்று காலைக் காபிக்கு முன்னாலேயே சொல்லுவார். "ஹங்கேரிக்காரன் அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சுட்டானுங்க அம்மிணி, இந்தப் பயிரு வேண்டாமுன்னு! அப்புறம் பாருங்க, ப்ரஸ்ஸல்ஸே சரின்னு சொன்னாலும், எங்க மண்ணுல விதைக்க மாட்டோமுன்னு ஒவ்வொரு நாடும் தனியா விலகிக்கலாம். அதுதானுங்க ஜனநாயகம்!"

அவர் மனைவி சுமதி ஆன்ட்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அப்பன்னா இந்த வீட்லயும் ஆளாளுக்கு விலகிக்கலாமா?"

"வீடு ஒரே நாடு!" என்று அங்கிள் சட்டத்தைத் திருத்தினார்.

ஆன்ட்டி எப்போதோ விலகிவிட்டார் என்பது அங்கிளுக்குத் தெரியாது. ஆன்ட்டியின் கார்ன்ஃப்ளேக்ஸ் என் வீட்டு அலமாரியில் இருந்தது. மத்தியானம் வாக்கிங் போகிறேன் என்று கிளம்பி, நேராக என் வீட்டுக்கு வந்து, பால் ஊற்றி ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போவார்.

ஆனால் அங்கிளின் புகழ் ஊர் தாண்டிப் பரவியது ஒரு பொங்கல் விருந்தில்தான். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்திருந்தோம். மகளைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், எண்ணெய்க் கத்தரிக்காய்த் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய காலத்து பி.ஏ., பி.டி. அந்த நாளில் வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பட்டம் அது. அங்கிள் கத்தரிக்காயை உற்றுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பி.டி. வேறு. பூச்சி அரிக்காமலிருக்க மரபணுவை மாற்றிய கத்தரிக்காய்க்குத்தான் அந்தப் பெயர்.

"பி.டி.ங்களா?" என்றார்.

ஹெட்மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. அமெரிக்காவில் முதல் முறையாக ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "ஆமா சார், பி.டி.தான்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பாத்தாலே தெரியுதுங்களே. ஒரு சுருக்கம் இல்லாம மினுமினுன்னு இருக்குது."

ஹெட்மாஸ்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"எங்க வாங்குனீங்க?"

"சிதம்பரத்துல. அந்தக் காலத்துல கிடைக்கறதே கஷ்டம் சார்."

"அந்தக் காலத்துலயா? இன்னுமா கெடாம இருக்குது?"

"அது எப்படி சார் கெடும்? ஆயுசு பூரா அதை வெச்சுத்தானே எங்க குடும்பமே சாப்பிட்டுது!"

அங்கிள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "குடும்பமேவா! ஐயா, ஐரோப்பாவுல இதையெல்லாம் ஊருக்குள்ளயே விடமாட்டாங்க. புடுங்கி எரிச்சுப் போடுவாங்க!"

"யாரைப் பார்த்து எரிப்பேங்கறே?" என்று ஹெட்மாஸ்டர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டியதைப் பார்த்ததும்தான் நாங்கள் ஓடினோம். இரண்டு பேரையும் இரண்டு மூலையில் உட்காரவைத்து, எந்த பி.டி. எது என்று விளக்குவதற்குள் சர்க்கரைப் பொங்கல் ஆறிவிட்டது. கத்தரிக்காய்த் தட்டை மட்டும் யாரோ காலி பண்ணியிருந்தார்கள். நான்தான்.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் காவ்யா ஒரு சனிக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். பிறந்ததே இங்கேதான். நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஜாதி. அழும்போது மட்டும் தமிழ் வரும். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கு. அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"யாரு?"

"யோஹான். பெல்ஜியம். ப்ரஸ்ஸல்ஸ் பக்கத்துல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடி பைத்தியமே! ப்ரஸ்ஸல்ஸ்னு சொன்னா உங்கப்பா ஆரத்தித் தட்டோட ஸ்டேஷனுக்கே போயிடுவாரே! இதுக்கா அழறே?"

"அவன் ஜீன் எடிட்டிங் பண்றான் ஆன்ட்டி. உருளைக்கிழங்குல."

சிரிப்பு நின்றது.

"அப்பா நோ சொன்னா என்னால மேரேஜ் பண்ணிக்க முடியாது," என்றாள். "ஐ மீன் இட். அவரை விட்டுட்டு எனக்கு எதுவும் வேண்டாம்." மூக்கை உறிஞ்சினாள். என் வீட்டு டிஷ்யூ பெட்டி காலியானது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்?

சரி, தூது போனேன். பெல்ஜியம் என்றதும் அங்கிள் சோபாவிலிருந்து எழுந்து நின்றார். ப்ரஸ்ஸல்ஸ் என்றதும், பழனி என்று கேட்டால் என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, கிட்டத்தட்ட அப்படி ஆகிவிட்டார். "பையன் என்ன பண்றானுங்க?"

"விவசாயத் துறை அங்கிள்," என்றேன். பொய்யில்லையே!

"விவசாயியா!" என்று குரல் தழுதழுத்தது. "ஐரோப்பிய விவசாயி... சுமதி, கேட்டியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அங்கிளே ப்ரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் போய்ப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், வெட்கப்படுகிற முகம். வாசலிலேயே "வணக்கம் மாமா" என்று கும்பிட்டான். எனக்கும் சாட்சி மாதிரி ஓர் இலை போட்டிருந்தார்கள். சாம்பார், ரசம், அவியல், உருளைக்கிழங்கு பொரியல். அங்கிள் மோர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"தம்பி, உங்க ஊர்க்காரங்களுக்கு நான் கும்பிடு போடோணும். உலகத்துல எல்லாரும் கம்பெனிக்காரங்களுக்குப் பயந்தப்ப, நீங்கதான் விதையில ஒருத்தனும் கைவெக்கக் கூடாதுன்னு நின்னீங்க!" காவ்யா அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

யோஹான் கரண்டியைக் கீழே வைத்தான். மேசைக்கடியில் காவ்யா அவனை உதைத்தாள். அது என் முட்டியில் விழுந்தது. அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"மன்னிக்கணும் மாமா. நான் கைவைக்கிறவன். நோய் வந்து உருளைக்கிழங்கு அழுகாமலிருக்க அதனுடைய மரபணுவைத் திருத்துகிறேன். எங்கள் ஊரில் விதைத்துப் பார்க்க அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இங்கே வந்தேன்."

அங்கிள் தூக்கிய மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்றார் சுமதி ஆன்ட்டி.

அங்கிள் மெதுவாகக் கேட்டார். "ஐரோப்பாவுல தடை இருக்குதில்ல?"

"விதைக்கத்தான் மாமா, பெரும்பாலான நாடுகளில். ஆனால் வெளிநாட்டிலிருந்து அதே மாதிரி சோயா கப்பல் கப்பலாக வருகிறது. எங்கள் மாடும் கோழியும் பன்றியும் அதைத்தான் தின்கின்றன. பெரிய கம்பெனிகள் விதையைப் பிடித்துவைத்துக்கொண்டு விவசாயியை ஆட்டிவைக்கும் என்ற பயம் நியாயமானது. அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் எங்கள் ஊர் சுத்தம் என்று நீங்கள் நினைப்பது சரியில்லை."

அங்கிள் இலையில் பாதிச் சோறு இருக்க எழுந்துவிட்டார். நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லவா வேண்டும்? கையைக் கழுவிக்கொண்டு, பின்பக்கத்து மரத் தளமான டெக்கின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றார். காவ்யா முகத்தைப் பார்க்க முடியவில்லை. யோஹான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்ட்டி என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "நீ போய்ப் பாரு."

அங்கிள் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"அந்தப் பையன் சொன்னது நெசந்தானுங்க அம்மிணி," என்றார். "சோயா வருது. கப்பல்லதான் வருது."

"அங்கிள், அதை விடுங்க. பொண்ணு உள்ள..."

"இத்தன வருசமா கத்தறேன். ஒருத்தர் எங்கிட்ட வந்து, யோவ், நீ சொல்றதுல பாதி தப்புன்னு சொன்னதுண்டா? எல்லாரும் ஆமா அங்கிள்னு சொல்லிப்போட்டு ஓடுனீங்க." நான் டெக்கின் பலகையைப் பார்த்தேன். "பொண்ணு கேட்டு வந்த எடத்துல, ஆமா மாமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் காரியம் முடிஞ்சுது. சோத்தைத் தின்னுட்டு ரயிலேறிப் போயிருக்கலாம். சொல்லல பாருங்க. காரியமே கெட்டாலும் பரவால்லைன்னு உள்ளதச் சொன்னான். எம்பட பொண்ணுகிட்ட இவன் ஒரு நாளும் பொய் சொல்லமாட்டானுங்க."

கண்ணைத் துடைக்கப் போய் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளே வந்து அதே இலையில் உட்கார்ந்தார். சாம்பார் சாதத்தைப் பிசைந்தார். "சோயா கெடக்கட்டும். அந்த உருளைக்கிழங்குல என்னத்தைத் திருத்தறே? ஒன்னொன்னாச் சொல்லு."

காவ்யாவால் பொறுக்க முடியவில்லை. "அப்பா! யெஸ்ஸா, நோவா?"

"கல்யாணத்துக்கு யெஸ்," என்றார் அங்கிள். "உருளைக்கிழங்குக்கு நோ."

காவ்யா எழுந்து போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யோஹான் மூன்றாவது தடவையாக ரசம் வாங்கிக்கொண்டான். அன்றைக்குப் பேச்சு மாலைக் காபி வரைக்கும் ஓடியது, அங்கிள் ஓரிடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து இரண்டு பேரும் இர்விங் பக்கம் குடிபோனார்கள். போனில் சண்டை போடுவது அங்கிளுக்குப் போதவில்லை. "நேர்ல பேசுனாத்தானுங்க அவனை மடக்க முடியும்" என்று சொல்லி ரிட்டயர்மென்ட் வாங்கிக்கொண்டு, வீட்டை விற்றுவிட்டு, அவரும் ஆன்ட்டியும் போன மாதம் இர்விங்குக்கே கிளம்பிவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று தெருவே வாசலில் நின்றது. நிம்மதியாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு, "வரட்டுங்களா அம்மிணி" என்று கேட்டபோது எனக்கு அவரை அனுப்ப மனசு வரவில்லை. ஆன்ட்டி காரில் ஏறிவிட்டார். சாமான் வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். நான் கிட்டே போய், "அங்கிள், எனக்கென்னமோ நீங்க அந்தப் பையன்கிட்ட சொல்றதெல்லாம் தப்புன்னுதான் தோணுது" என்றேன்.

அவர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். நானும் அதற்காகத்தான் சொன்னேன்.