வாழவந்திப் பலாவும் நீ கொடுத்த மெஷினும்

நாகலூர்,
செவ்வாய், காலை

அன்பு மச்சான் சாதிக் பாஷாவுக்கு, ரஹமத்துல்லா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் உன் அக்கா சுபைதாவும் நலம். நீ என் தலையில் கட்டிய, பலகை இழைக்கிற பிளேனர் மெஷின் நலமில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் கடிதம். முழுதும் படி.

"இழைப்புளி பிடிச்சு இன்னும் எத்தனை நாளைக்குத் தோளை ஒடிச்சுக்குவீங்க மச்சான்? இந்தப் பக்கம் பலகையை விட்டா அந்தப் பக்கம் கண்ணாடியாட்டம் வரும்" என்று சொன்னது நீதானே? வரவில்லையே! வாழவந்தி கிராமத்துப் பொன்னுவேல் புது வீடு கட்டி வருகிற வெள்ளிக்கிழமை குடிபோகிறார். வாசக்கால் நின்றுவிட்டது, கதவு என் பொறுப்பு. அதற்காகத் தன் தோட்டத்துப் பலாவையே போன வருடம் வெட்டி அறுத்துக் காயவைத்து, ஆறு பலகையாகக் கொண்டுவந்து இறக்கினார். அவர் சம்சாரம் ராசம்மாள் மூன்று நாள் அழுது, பிறகு சம்மதித்து வெட்டிய மரம். வேறு பலகை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிற விஷயமா இது?

முதல் பலகையை விட்டேன். பாதியில் நின்றுவிட்டது. ரோலர் சுற்றுகிறது, பலகை நகரமாட்டேன் என்கிறது, பிளேடு ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்துப் புகையே வந்துவிட்டது. வயிற்றைக் கொடுத்துப் பின்னாலிருந்து தள்ளினேன். குபீரென்று வெளியே வந்து விழுந்தது, கடைசி முனையில் ஒரு பள்ளத்தோடு. பள்ளத்தை எடுக்க மறுபடி விட்டேன். இன்னொரு பள்ளம். அதை எடுக்க இன்னொரு தடவை. இப்படியே ஒன்றரை அங்குலப் பலகை பாதியாகி, ஆறு நூலுக்கு வந்து நிற்கிறது. அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டால், மெயின்டனன்ஸ் பண்றீங்களா சார் என்கிறான். யாரைப் பார்த்து என்ன கேள்வி! நம்ம மலைப் பனிக்கு இரும்பு இரண்டே நாளில் துருவேறும் என்று, உளிக்கும் அறுக்கிற வாளுக்கும் தடவுகிற மாதிரியே தினம் காலையில் மெஷின் மேடைக்கும் ரோலருக்கும் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படித் தடவியதில்லை, கேட்டுக்கொள்.

நேற்று பொன்னுவேல் வந்தார். அந்தப் பலகையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "ஏனுங்க பாய், இது நம்ம பலாதானுங்களா? நொம்ப மெலிஞ்சு போச்சுங்களே" என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். டீயைக் குடித்துவிட்டுப் போனார். இருபத்தெட்டு வருடத் தொழிலில் இந்தத் தலைகுனிவு எனக்கு வந்ததில்லை.

ஆகவே கடிதம் கிடைத்த அன்றே வந்து இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு போ. வராவிட்டால் சேலம் பஸ்ஸில் ஏற்றி உன் வாசலில் இறக்குவேன், சொல்லிவிட்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உனக்கான துஆவை நீ வந்து போன பிறகு கேட்கிறேன்.

உன் மச்சான்,
ரஹமத்துல்லா

பி.கு.: உறையை ஒட்டாமல் மதியம் லுஹர் தொழப் போய்விட்டேன். திரும்பி வந்தால், உன் அக்கா கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, ரோலரைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்து, மேடையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, இரண்டு பலகையை இழைத்தே முடித்திருக்கிறாள். முகம் பார்க்கலாம் போலிருக்கிறது. "எண்ணெய்ப் பிசுக்குல ரோலர் எப்படிங்க பலகையைப் பிடிக்கும்? தோசைக்கல்லுன்னு நெனச்சீங்களா?" என்கிறாள். மெலிந்த பலகையைக் கதவின் நடுவில் சட்டத்துக்குள் பொருத்திவிடலாமாம். பொன்னுவேல் வந்து பலகையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "சன்னலும் அக்காவே போடட்டுமுங்க பாய்" என்கிறார். என் முகத்தைப் பார்த்தே சொல்கிறார் மச்சான்! சரி, நானும் ஒரு பலகை விடுகிறேன் என்று ஸ்விட்சில் கை வைத்தேன். வேண்டாமாம். பலகை வெளியே வரும்போது மறுமுனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் பள்ளம் விழாதாம், அதற்கு ஒரு ஆள் வேண்டுமாம். நீ வர வேண்டாம். கூப்பிடுகிறாள், பிடிக்கப் போகிறேன்.