பெண் பார்க்க வந்தவரின் போனில் ஒரு திருத்தம்

பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒரு பெண் என்ன வேண்டுமானாலும் பேசலாம். “நீங்கள் சொல்வது தப்பு” என்று மட்டும் சொல்லக் கூடாது. இருபத்தாறு வயதில் எனக்கு இது தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தாலும் நீ சொல்லியிருப்பாய் என்கிறாள் அம்மா. (அம்மா சொல்வது சரிதான்.)

அப்போது நான் தனுவச்சபுரத்தில் ஒரு டுட்டோரியலில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அது பிழைப்புக்கு. பெருமைக்கு வேறொன்று வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில், ஆட்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்கென்றே உருவாக்கிய ஒரு கைபேசி இயங்குதளத்தைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை உண்டு. (எந்த இயங்குதளம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் போய்த் திருத்துவீர்கள்.) பெற்றது யாரோ, சோறூட்டி வளர்த்தது நான். புதிய பதிப்பு வந்தால் எண்ணை மாற்றுவேன். எந்தப் போனில் ஓடும், எதற்கு ஆதரவு நின்றுபோயிற்று என்று பார்த்து எழுதுவேன். சில வங்கிச் செயலிகள் அதில் ஓடாது என்ற வரியை யாராவது அழித்தால் ஆதாரத்தோடு திரும்ப வைப்பேன். காலையில் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் நான் பல்கூடத் தேய்ப்பதில்லை.

அதில் ஒரு வாக்கியம் எனக்கு ஜென்ம விரோதி. “இதை நிறுவினால் நீங்கள் இருக்கும் இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.” யாராவது சேர்ப்பார்கள், நான் நீக்குவேன், வேறு யாராவது வந்து மறுபடி சேர்ப்பார்கள். சிம் போட்ட போன் டவரோடு பேசித்தானே ஆக வேண்டும்? எந்த டவர் என்று சிம் கம்பெனிக்குத் தெரியாதா? எனக்கு இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் முகம் தெரியாத ஒரு பெண் கேட்டிருந்தாள்: “என் கணவர் போலீசில் இருக்கிறார். இதைப் போட்டுக்கொண்டு நான் வீட்டைவிட்டுப் போனால் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாதுதானே?” ஐயோ, இந்த ஒரு வரியை நம்பி ஒருத்தி வாசல்படி இறங்கப்போகிறாளே! அன்றைக்கே பதில் எழுதினேன். அதன்பிறகு அந்த வரியை ஒருநாள்கூட விட்டுவைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவிர.

அன்று காஞ்சிரங்குளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவன் அம்மா, பேசுவதற்கென்றே கூட்டிவந்த தாய்மாமா. இந்த வரன் எப்படியாவது ஒத்துவர வேண்டுமென்று அம்மா உபவாசமிருந்து ஜெபித்திருந்தாள். முந்திரிக்கொத்தை அவள் கையாலேயே உருட்டிப் பொரித்தாள். கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் என்னைப் பட்டுப்புடவையில் சுற்றிய சுற்றில் கட்டுரைப் பக்கம் போக நேரமே கிடைக்கவில்லை.

நான் சாயாத் தட்டோடு முன்னறைக்கு வரும்போது மாமா முழங்கிக்கொண்டிருந்தார்.

“எங்க பையன் வச்சிருக்கது சாதாரண போனு இல்ல, வேற சிஸ்டமாக்கும். இவன் எங்க நிக்கான்னு ஒரு மனுசனுக்கும் கண்டுபிடிக்க ஒக்காது, கேட்டியளா!”

பையன் அடக்கமாகச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டுச் சாயாவை நீட்டியிருக்கலாம்.

“அது தப்பு மாமா,” என்றேன். “சிம்மு உள்ள கிடந்தா டவருக்குத் தெரியும்.”

அம்மாவின் பார்வை என் முதுகில் சுட்டது. பையன் விடவில்லை. “இல்ல, நான் வாசிச்சது உண்டு. கலைக்களஞ்சியத்துலயே போட்டிருக்கு, பாருங்க” என்று போனைத் திறந்து நீட்டினான். என் கட்டுரை! அதில் என் விரோதி, புது மாப்பிள்ளை மாதிரி, இரண்டாவது பத்தியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

தட்டை அப்பாவின் மடியில் வைத்தேன். போனை வாங்கினேன். வரியை அழித்தேன்.

என் கணக்கில் நுழையாமல் அழித்ததுதான் வினை. பெயரில்லாத ஆள் எதையாவது அழித்தால் அங்கே காவலுக்கிருக்கும் தானியங்கி நிரல் சும்மா இருக்காது. அழித்த வரியைத் திரும்ப வைத்துவிட்டு எச்சரிக்கையும் அனுப்பியது. மாமா எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்: “தயவுசெய்து நாசவேலையில் ஈடுபட வேண்டாம்.”

“அட, கொள்ளாமே! நாசவேலையாம்!” என்று அவர் சிரித்த சிரிப்பு பாறசாலை ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும்.

நானா நாசவேலைக்காரி? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பையனின் போனிலேயே என் கணக்கில் நுழைந்து, வரியை மறுபடி நீக்கி, காரணம் எழுதி, ஆதாரம் தேடிக் கோத்து முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினேன். சாயாவில் ஆடை படிந்திருந்தது. யாரும் குடிக்கவில்லை. அப்பா மடியிலிருந்த தட்டை அசைக்கப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வரிக்கு என்னத்துக்கு மக்கா இந்தப் பாடு?” என்றார் மாமா.

அந்தப் போலீஸ்காரர் மனைவி கேட்டதைச் சொன்னேன்.

“கெட்டியவனுக்குத் தெரியாம அவ எதுக்குப் போணும்?” என்று மாமா விடவில்லை.

அதுவரை வாய் திறக்காமலிருந்த பையனின் அம்மாதான் மெல்லக் கேட்டார். “அப்போ அவ என்ன செய்யணும் மோளே?”

“அந்த போன வீட்டுலயே வச்சிட்டுப் போணும் அம்மா.”

“அத அவகிட்டச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“நல்ல காரியம் செய்தே,” என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கட்டுரைக்காக எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுக்களை வாசலில் அம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தது என் கண்ணிலேயே படவில்லை.

மறுநாள் தரகர் வந்தார். “பெண்ணு நல்ல பெண்ணுதான். ஆனா சாயா குடிக்கதுக்கு முன்னயே திருத்துதே, கெட்டுன பொறவு என்ன செய்யும்னு மாமா கேக்காரு.” அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். “அவ சொன்னது சரிதானே?” என்று கேட்ட குற்றத்துக்காக அப்பாவோடும் நிறுத்தினாள்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிச் சேதிக்குப் பஸ் தேவையில்லை. நெய்யாற்றின்கரை வரைக்கும் தானாகவே போய்விட்டது. பிறகு எந்தப் பையனைக் கூட்டிவந்தாலும் தரகர் வாசலில் வைத்தே சொல்லிக்கொடுப்பார்: “எலே, போனப் பத்தி மட்டும் வாய தொறக்காத.”

நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒருவர் தரகரையே மிஞ்சிவிட்டார். உட்கார்ந்ததும், சாயா வருமுன்னே, யாரும் கேட்காமலே, வேர்த்து விறுவிறுத்துச் சொன்னார்: “எனக்கு போனப் பத்தி ஒண்ணும் அறியாது!”

அம்மா அப்போதே நாள் குறிக்கச் சொல்லிவிட்டாள்.

இன்றும் வீட்டில் நாலு பேர் கூடினால் அப்பா “ஒண்ணும் அறியாது!” என்று அந்தக் குரலிலேயே சொல்லிக்காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. கட்டுரையை இப்போதும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம்கூட அந்த வரியை யாரோ சேர்த்தார்கள், நீக்கினேன். ஆனால் என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சொன்னாரே ஒரு வாக்கியம், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதில் ஒரு எழுத்தைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.