கோசோங் அண்ணனும் பதினேழு இலக்க எண்ணும்

ஈப்போவில் தொலைபேசி எண்ணைத் தப்பாக எழுதுவதற்கு ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றையும் கோசோங் அண்ணனே வாங்கிக்கொண்டு வருவார். வருகிற வழியில் போட்டி நடத்தியவரின் எண்ணையும் தப்பாகக் குறித்துக்கொண்டு வருவார்.

ஜெலாப்பாங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் அவர் வேன் ஓட்டினார். சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்டங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவருவதும், நேரம் மாறினால் கூப்பிட்டுச் சொல்வதும் அவர் வேலை. நான் அங்கே கிராணி, அலுவலகக் குமாஸ்தா. எழுதுவது, தட்டுவது, எல்லாரிடமும் திட்டு வாங்குவது என் வேலை. கோசோங் என்றால் மலாயில் சைபர். சீனி இல்லாத 'தே கோசோங்' தேநீர் குடிப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவர் மூன்று கரண்டி சீனி போடுகிறவர். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். வைத்ததற்குக் காரணம் இருந்தது.

நிர்வாகக் குழு ஒரு மென்பொருள் வாங்கியது. நோயாளியின் பெயரைத் தட்டினால் போதும், அதுவே எண்ணைச் சுழற்றிக் கூப்பிட்டுவிடும். எல்லாரும் அதைச் 'சிஸ்டம்' என்றார்கள். எண்களை அதில் ஏற்றும் பொறுப்பை எனக்கும் அண்ணனுக்கும் பாதிப்பாதியாகக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நடந்த பெரிய தப்பு அது.

நம் நாட்டுக் குறியீடு அறுபது. நம் கைப்பேசி எண்களோ சைபரில் தொடங்கும். அறுபதைப் போட்டால் எண்ணின் முன்னால் இருக்கும் சைபரை விட்டுவிட வேண்டும். நம் ஆட்களோ காலகாலமாக 'ப்ளஸ் ஆறு' என்று போட்டு, பின்னால் முழு எண்ணையும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான், கைப்பேசியில் தகராறு வராது. ஆனால் சிஸ்டம் அறுபதைத் தானே போட்டுக்கொண்டது. அண்ணன் அதற்குப் பின்னால் சைபரோடு எழுதினார். இரண்டு சைபர் ஆனது. அவர் ஏற்றிய எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரு மலாய்ப் பெண் குரல் வந்து, அப்படி ஒரு எண் சேவையில் இல்லை என்று மரியாதையாகச் சொன்னது.

அண்ணனிடம் விளக்கினேன். பத்து தடவை விளக்கினேன். காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். அவர் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாட்டுக்கு ஆறு குடுத்தாச்சு. கோசோங் நம்மளோடதுலா. அத ஏம்மா தூக்குற?"

அவர் ஏற்றிய சைபர்களை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எடுத்தேன். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி இருந்தன. எண்கள் மொட்டையாக இருந்தனவாம், பார்க்கச் சகிக்காமல் திரும்பப் போட்டுவிட்டாராம். மறுபடி எடுத்தேன். மறுபடி போட்டார். மூன்றாவது தடவை, நான் ஒன்றை எடுத்தாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டிரண்டு சைபராகப் போட்டு வைத்தார். இரண்டு சைபரைப் பார்த்த சிஸ்டம் அதை வெளிநாட்டு அழைப்பு என்று முடிவுகட்டி, அடுத்து வந்த ஒன்றை அமெரிக்கக் குறியீடாக எடுத்துக்கொண்டு, சுங்கை சிப்புட் நோயாளிகள் அத்தனை பேருக்கும் பக்கத்தில் அமெரிக்கக் கொடியை ஏற்றிவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணனோ வேனில் ஏறிய எல்லாரிடமும், கிராணியம்மா உங்களுக்கு விசா வாங்கிவிட்டார் என்று சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

முன்னால் வரும் சைபரைத் தானே விட்டுவிட சிஸ்டத்திலேயே ஒரு கட்டம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதில் ஒரு சரி போட்டேன். சைபர்ச் சண்டை ஓய்ந்தது. அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். பாவம் நான்.

அடுத்தது இலக்கச் சண்டை. எண் எழுத வேண்டிய கட்டத்தில் அண்ணன் கதை எழுதுவார். '2 மிஸ்கால் குடு, 3வதுல எடுப்பாரு' என்று எழுதி, அதற்குப் பிறகுதான் எண் வரும். '8 மணிக்கு மேல மருமக, சத்தமா பேசு' என்று இன்னொருவருக்கு. சிஸ்டத்துக்குத் தமிழ் தெரியாது. எழுத்தையெல்லாம் தள்ளிவிட்டு இலக்கங்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்து, அதைச் சுழற்றும். கோலாலம்பூரிலிருந்து மென்பொருள்காரப் பையன் என்னைக் கூப்பிட்டு, உங்கள் நோயாளி ஒருவருக்குப் பதினேழு இலக்கத்தில் எண் இருக்கிறது, அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பணிவாகக் கேட்டான். மானம் போயிற்று.

பொறுத்தது போதும் என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, அண்ணனின் கதைகள் அத்தனையையும் அழித்தேன். ஓர் ஆளுக்கு ஓர் எண். இலக்கம் தவிர ஒரு புள்ளி கிடையாது. அண்ணன் இனி கைவைக்க முடியாதபடி சிஸ்டத்தைப் பூட்டினேன். அழிப்பதற்கு முன் பழைய பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். அவர்மேல் புகார் எழுதும்போது ஆதாரம் வேண்டுமே.

திங்கட்கிழமை அண்ணன் திரையைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"ரொம்பச் சுத்தமா இருக்குமா. ஆனா யாரும் எடுக்க மாட்டாங்க," என்றார்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் எங்கள் வட்டாரத்துக்கே தண்ணீர் இல்லை. எங்கேயோ குழாய் வெடித்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் இயந்திரம் ஓடாது. தஞ்சோங் ரம்புத்தானில் இன்னொரு நிலையம் எங்கள் காலை நோயாளிகள் பதினொரு பேரையும் பதினொரு மணிக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. ஆனால் யார் யார் வருகிறார்கள் என்று எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும். தலைமைத் தாதி என்னிடம் ஒரு பெயரை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார். மாரியப்பன். தோட்டத்து ஜாகா, காவல் வேலை. போன தடவை வராமல் விட்டவர். உடம்பில் நீர் கோத்திருக்கிறது, இன்றைக்கும் விட்டால் மூச்சுக்கு ஆபத்து, எப்படியாவது பிடித்துவிடு என்றார்.

மணி ஆறே முக்கால். நான் கம்பீரமாகச் சிஸ்டத்தைத் திறந்து பெயர்களைத் தட்டினேன். என்ன அழகாகச் சுழற்றியது தெரியுமா. ஒவ்வொன்றும் சரியாகப் போய் மணி அடித்தது. ஒருவரும் எடுக்கவில்லை. சிஸ்டம் கூப்பிட்டால் எதிர்முனையில் ஏதோ கோலாலம்பூர் எண் தெரியும். தெரியாத எண்ணை இந்தக் காலத்தில் யார் எடுக்கிறார்கள்? எடுத்த ஒரே அம்மாள், நான் டயாலிசிஸ் என்று ஆரம்பித்ததுமே பிடித்துக்கொண்டார்.

"நேத்து போலீஸுன்ன. இன்னிக்கு டயாலிசிஸா? ஒனக்கு வேற பொழப்பு இல்லயா?"

வைத்துவிட்டார். மாரியப்பனுக்கு ஒன்பது தடவை அடித்தேன்.

ஏழு மணிக்கு அண்ணன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய பட்டியலை எடுத்து நீட்டினேன். அதை எதற்காக வைத்திருந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் கைப்பேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இரண்டு மிஸ்கால் கொடுக்க வேண்டியவருக்கு இரண்டு கொடுத்து மூன்றாவதில் பிடித்தார். மருமகளிடம் சத்தமாகப் பேசினார். என்னைத் திட்டிய அம்மாளிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் சிரித்தது எனக்கே கேட்டது. முக்கால் மணி நேரத்தில் பத்து பேர்.

மாரியப்பனுக்கு நேராக அவர் எண்ணோடு பக்கத்து வீட்டு எண்ணும் ஒன்று இருந்தது. 'காலையில ஃபோன வீட்ல வெச்சிட்டு ஆட்டுக்கொட்டாய்ல இருப்பாரு, லெச்சுமி அக்காவ அனுப்பு' என்று இருந்தது. அந்த வரியைத்தான் நான் அந்தச் சனிக்கிழமை சுத்தம் செய்திருந்தேன். லெச்சுமி அக்கா கொட்டகை வரை போய் அவரைக் கூட்டிவர ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடமும் நான் உட்காரவில்லை.

"மாரி, நான்தான்லா. கால் வீங்கியிருக்கா? சரி, எங்கேயும் போவாத. மோட்டார் சைக்கிள எடுக்காத. நான் வாரேன்," என்று அண்ணன் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது பதினொரு பெயரையும் தஞ்சோங் ரம்புத்தானுக்குச் சொல்லிவிட்டேன்.

பதினொன்றரைக்கு, மாரியப்பனை இயந்திரத்தில் போட்டாயிற்று என்று தாதிக்குச் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது. மேசையில் கிடந்த பட்டியலைப் புரட்டினேன். நோயாளிகளுக்குப் பின்னால் ஊழியர்கள் பக்கம் ஒன்று இருந்தது. அழிக்கிற வேகத்தில் அதை நான் படிக்கவே இல்லை. என் பெயருக்கு நேராக எழுதியிருந்தார்:

'கிராணியம்மா. மதியம் கூப்பிடாத, பிள்ளைய ஸ்கூல்ல எடுக்கப் போவும். அவங்கம்மா செத்த மாசம் வந்தா சும்மாவே கோவப்படும், ஒன்னும் திருப்பிப் பேசாத. சாப்ட்டியான்னு கேளு.'

அவர் திரும்பி வரும்வரை அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அந்தக் குறை அன்றைக்குத் தீர்ந்தது.