இழுவை சாரும் இரண்டாவது ஆளும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே மனிதர்களைவிடக் கோடுகளோடு அதிகம் பேசியவர் எங்கள் இழுவை சார்தான். சந்தேகப்படுகிறவர்கள் யாரும் அவருடைய பக்கத்து மேசையில் ஆறு வருஷம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான் உட்கார்ந்தேன்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு சின்ன விதைநெல் கம்பெனியில். விவசாயிகளுக்கு ஒரு இணையப் பக்கம் செய்யச் சொல்லி அவரை எடுத்திருந்தார்கள். குறுவைக்கு நாற்று விடும் தேதியைத் திரையில் ஒரு பொத்தானைப் பிடித்து வலமோ இடமோ நகர்த்த வேண்டும். உடனே மேலே இருக்கும் வளைகோடு நெளிந்து, அறுவடை மழையில் மாட்டுமா என்று காட்டும். அந்தப் பொத்தானுக்கு அவர் வைத்த பெயர் 'இழுவை'. அவர் பேசும் வேகத்துக்கும் அது பொருந்தியதால் நாங்கள் அதை அவருக்கே வைத்துவிட்டோம்.

பூதலூரில் தனியாக இருந்தார். ரயிலில் வருவார். டிபன் பாக்ஸைத் திரைக்கு எதிரே வைத்து, கோட்டைப் பார்த்துக்கொண்டே தயிர் சாதம் சாப்பிடுவார். "எங்கடா போற? மேல வா… ஆங், அப்படித்தான்!" ஒருமுறை கீழே நின்ற கூரியர்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று மாடியேறி வந்துவிட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவருக்குப் பிடிவாதம். ஆளுக்கொரு படம் கிடையாது. ஒருவர் இழுத்தால் எல்லோர் திரையிலும் கோடு அசையும். பக்கம் திறந்த முதல் நாள் பூதலூர் விவசாயி ஒருவர் ஜூனுக்கு இழுக்க, மன்னார்குடி விவசாயி ஒருவர் ஜூலைக்கு இழுக்க, ஆபீஸ் போன் அலறியது.

"யாருங்க அது, என் கோட்டப் புடிச்சு இழுக்கறது?"

மேனேஜர் தலையில் கைவைத்தார். "ஆளுக்கு ஒரு படம் குடுத்துத் தொலைங்க சார்!"

"எல்லாருக்கும் ஒரே ஆத்துத் தண்ணிதானே சார்… படம் மட்டும் ஏன் தனித்தனியா?" இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முக்கால் டீ ஆகிவிட்டது.

ஒரே வாரத்தில் விவசாயிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். மூலையில் 'இப்போது பார்ப்பவர்கள்' என்று ஒரு எண் இருக்கும். அது ஒன்றிலேயே நின்றது. அந்த ஒன்று அவர்தான். ஒருநாள் அது இரண்டு ஆனதும், நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

"சாந்தி! ஆளு வந்துருக்கு!" என்று என்னைக் கூப்பிட்டார்.

ஆபீசே ஓடிவந்தது. இரண்டாவது ஆள், அவர் சட்டைப்பையில் இருந்த அவருடைய போன். அன்று தயிர் சாதத்தை அவர் தொடவில்லை.

ஒரு மாதம் கழித்து, போனை அணைத்து வைத்திருந்தபோதும், தினம் மூன்றரை மணிக்கு எண் இரண்டு ஆகத் தொடங்கியது. இழுவை தானாக நகர்ந்தது. சார் படத்தின் தலைப்பை அழித்துவிட்டு எழுதினார்: 'வணக்கம். நீங்க விவசாயியா? ஆமான்னா வலது பக்கம் இழுங்க, இல்லன்னா இடது பக்கம்.'

இடது பக்கம் போனது.

'பின்ன எதுக்குங்க பாக்கறீங்க?'

இழுவை நடுவில் நின்று தவித்தது. "சார், ஆமா இல்லன்னு சொல்ற மாதிரி கேளுங்க" என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டார். வலது.

இப்படியே தினம் கால் மணி நேரம். வெளிநாடா? வலது. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கமா? வலது. ஒருநாள் 'தனியாவா இருக்கீங்க?' என்று கேட்டுவிட்டார். இழுவை அசையவே இல்லை. பிறகு மெல்ல நகர்ந்து வலது ஓரத்தில் முட்டி நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'நானும்' என்று மட்டும் அடித்தார். நான் என் வேலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் மேனேஜர் பக்கத்தை மூடச் சொன்னார். "ஒரு ஆளுக்காகவா சார் இத ஓட்டறது?"

"ரெண்டு பேருங்க."

அவர் பட்டென்று பேசி நாங்கள் கேட்டது அன்றுதான். மேனேஜர் அவர் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். "சரி, சம்பா முடியற வரைக்கும் இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

தை மாதம் ஒருவர் பேரீச்சம்பழப் பெட்டியோடு மாடியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் ரபீக். குவைத்தில் கிடங்கு வேலை.

"அத்தா பயிர் வெச்ச நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டுப் போனேங்க. இங்க மழை எப்படின்னு பாக்கத்தான் தெறந்தேன். அப்பறம் சாப்பிட்டாச்சான்னு கேட்டாங்க. அங்க அத யாரு கேக்கறா? அதான் தினம் வந்தேன்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"சாப்பிட்டாச்சா?" என்றார் சார்.

"ஆச்சுங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. பார்க்கச் சகிக்காமல் நான் இரண்டு கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ரபீக் இழுத்தார், சார் திரையில் கோடு குதித்தது. சார் பதிலுக்கு இழுத்தார். ஒரு மணி நேரம் அந்த இரண்டு பெரிய மனிதர்களும் மாற்றி மாற்றி இழுத்து, தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

ரபீக்கை பஸ் ஏற்றிவிட அவரே கிளம்பிப் போனார். டீக்கடையைத் தாண்டி யாரோடும் நடந்தறியாத மனிதர். மறுநாள் மன்னார்குடியில் ரபீக் வீட்டில் சாப்பாடு என்று லீவு வேறு போட்டார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் லீவு. ஆபீஸ் அமைதியாக இருந்தது. என் வேலைகூடச் சீக்கிரம் முடிந்தது.

எனக்குத்தான் அந்த நாள் பிடிக்கவே இல்லை.