தீப்பொறி பார்த்த மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், வாஷிங் மெஷின் மட்டும் நலமில்லை. அங்கு நீங்களும் என் மகளும் நலமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஒன்பது நாளாக அவள் என் போனை எடுப்பதில்லை.

மரத்தில் சிற்பம் செதுக்க ஆசைப்பட்டீர்கள், நல்லது. உளி கடையில் விற்கிறது. "என் உளியை நானே செய்வேன், அதற்கேற்ற இரும்பு வேண்டும்" என்று, சாப்பிட வந்த வீட்டுக்குச் சாணை மெஷினைக் கையோடு கொண்டுவந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சக்கரத்தில் வைத்துப் பொறி பார்த்தீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. பொறி பூப்பூவாகச் சிதறினால் நல்ல எஃகாம், நீட்டமாக ஓடினால் வெறும் இரும்பாம். தாழ்ப்பாள் போச்சு, என் ஸ்பானர் போச்சு, அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியையும் வாங்கி உரசிவிட்டு உதட்டைப் பிதுக்கினீர்கள், அவ மீதிக் காயைக் கையால பிய்ச்சுப் போட்டுச் சமைச்சா, அதையும் ருசியா இருக்குன்னு சாப்பிட்டீங்க. சரி, வீட்டு மாப்பிள்ளையாச்சேன்னு, ஓய்வு பெற்ற அன்னிக்குத் தொழிற்சாலை ஸ்டோர்ல கேட்டு வாங்கி, துணியில சுத்தி வெச்சிருந்த என் அரத்தை எடுத்துக் குடுத்தா, "மாமா, இது மேல்தோல்தான் கெட்டி, உள்ளே பச்சை இரும்பு, உளிக்கு ஆகாது, பொறியை நீங்களே பாருங்க"ன்னு என் மகள் முன்னாடி சொல்றீங்க. நான் பார்க்கல. முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலைக்கு வந்திறங்கின ஒவ்வொரு அரத்துக்கும் தரம் சரின்னு கையெழுத்துப் போட்டவன் எதுக்குப் பார்க்கணும்? கடைசியில உங்களுக்குப் பிடிச்சது எது? வாஷிங் மெஷின் காலுக்கு அண்டக் கொடுத்திருந்த துருப்பிடிச்ச வண்டி ஸ்பிரிங் பட்டை. அதை உருவிட்டுப் போயிட்டீங்க. இப்ப துணி போட்டா மெஷின் ஹாலுக்கு நடந்து வருது.

"வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டா போதுமா, சரக்கு தெரிய வேண்டாமா"ன்னு நான் கேட்டது ஒரே வார்த்தை. அதுக்கு உங்க வீட்டம்மா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. ஆகவே, அந்த அரம் அசல் எஃகுதான் என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி அனுப்பவும். அதுவரை நான் இறங்கி வருவதாக இல்லை.

பத்து விரலும் பத்திரமாக இருந்து நீங்கள் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், உங்களைத் தலைகுனிய வைக்க வேண்டுமென்று பக்கத்துப் பட்டறைக்குப் போய் அந்த அரத்தில் நானே ஓர் உளி செய்து பார்த்தேன். மேல்தோலைத் தேய்ச்சு எடுத்ததும் பொறி நீட்டமா ஓடுச்சு. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கியும், மரத்துல வெச்சு ஒரு தட்டு தட்டினதுமே முனை மடங்கிருச்சு. முப்பத்தொரு வருஷமும் ஸ்டோருக்கு வந்தது அதே கம்பெனி அரம்தான். இது நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும். நீங்க மன்னிப்புக் கேட்டுட்டதாவே அவகிட்ட சொல்லிடுங்க, நானும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க. போனை மட்டும் எடுக்கச் சொல்லுங்க.