மூக்கால் வேலை பார்த்த மாமியார்

ஒரகடத்தில் ஆயிரம் மேனேஜர்கள் இருக்கலாம். ஆட்களை நடுங்கவைப்பதில் எங்கள் ‘மாமியார்’ ஒருவருக்கு ஈடாகமாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய, மீசை வைத்த ஆண்பிள்ளை. பக்கத்து வடக்குப்பட்டுக்காரர். தென்காசிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்த எங்களைப் போன்ற பெண்கள் வைத்த பெயர் அது.

வல்லம் வடகாலில் ஒரு ஷெட். சின்ன விமானங்களின் இறக்கை முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டைகளைச் செப்பனிடுவது எங்கள் வேலை. வானத்தில் இறக்கைமேல் பனி உறைந்தால், உள்ளே காற்று புகுந்து பட்டை உப்பும். பனி உடைந்து விழும். ஐஸ் என்றால் குச்சி ஐஸ் மட்டுமே தெரிந்த ஊரில் மாமியார் மட்டும் பனிமலையில் பிறந்தவர் போலப் பேசுவார்.

“இன்னாம்மா, தலையில எண்ணெயா, எண்ணெயில தலையா? தூரப் போ! பட்டா ரப்பர் செத்துடும்.”

வடை தின்ற கையோடு வந்த சூப்பர்வைசரையே முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவவைத்து, அந்தக் கையை முகர்ந்தும் பார்த்தார்.

மூக்குதான் அவர் கருவி. இறக்கையிலும் பட்டையிலும் பசை தடவி, பதமாகக் காய்ந்த பிறகே ஒட்டவேண்டும். அவசரப்பட்டால் குமிழ் விழும். மாமியார் குனிந்து முகர்ந்து, “இன்னும் ஈரம் கீது” என்றால் அப்பீலே இல்லை.

அந்தப் பசையின் நெடி மூளைவரை ஏறும். முகமூடிகள் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. வாடிக்கையாளர் பார்வையிட வரும்போது வெளியே வரும். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் உள்ளே போய்விடும். எங்கள் நுரையீரலைவிட அவை சுத்தமாக இருந்தன.

ஒரு மதியம் மாமியாரின் மேசைக்கடியில், பசையைக் கரைக்கும் தின்னர் டின் கவிழ்ந்தது. இருமிக்கொண்டே எல்லோரும் வெளியே ஓடினோம். மேனேஜர் எங்களை முந்தினார். மாமியார் மட்டும் நின்ற இடத்திலிருந்தே கத்தினார்: “இன்னா அல்லாரும் ஓட்றீங்க? டீ வந்துட்ச்சா?”

சிரித்தோம். அவர் குனிந்து காலடியில் கிடந்த டின்னைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“எவ்வளவு நாளாண்ணே?” என்றேன்.

“ஒரு வருசமா வாசன ஒண்ணும் தெரில, கண்ணு. மோந்து பாக்குற மாதிரி குனிஞ்சிகினு, வெரல் முட்டியால தொட்டுப் பாப்பேன். ஒரு பட்டையாவது உரிஞ்சிகினு வந்துச்சா, சொல்லு?”

வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற மேனேஜரிடமும் அதைத்தான் சொன்னேன்.

“வாசனையே தெரியாத ஆளைக் கெமிக்கல்கிட்ட நிறுத்தினா நாளைக்கு நம்ம மேலதாம்மா கேஸ் வரும். சேஃப்டி முக்கியம்” என்றார்.

சேஃப்டி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான். மறுநாள் மாமியாரின் பாஸுக்கு கேட் திறக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆள், காரணம்கூடச் சொல்லவேண்டியதில்லை. மூக்கைத் தின்றவர்களே மூக்கில்லை என்று விரட்டினார்கள்.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் பின்சீட்டுக்காரர்களை, “தள்ளிக் குந்துங்கய்யா, பொண்ணு வருதில்ல!” என்று அதட்டி இடம் பிடித்துக்கொடுத்தார்.

“நல்லா கீறியா? வேளாவேளைக்குத் துன்றியா?”

தலையாட்டுவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. வளைவு வரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து பஸ் ஏறிய அன்று என் அப்பாவைக்கூட நான் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்ததில்லை.