கண்டலுக்குக் கதியால் போட்ட கதை

மரம் வளர்ப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு மரங்களைக் கொன்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் மறைத்தாலும் என் அக்கா சொல்லிவிடுவாள். அதுவும் கண், காது, மூக்கு வைத்து.

ஐம்பதுகள் முடியப்போகிற காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. வட்டுக்கோட்டையில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் (பெயர் சொல்லமாட்டேன், இன்னும் பென்சன் வருகிறது) ஓவசியர் வேலை கிடைத்தது. பருத்தித்துறைக்குப் போகும் வழியில் கடல்நீரேரிக் கரையில் இருந்த சிறிய பறவைகள் சரணாலயத்துக்கு என்னை அனுப்பினார்கள். சரணாலயம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். சேறு, உப்புப் பூத்த தரவை வெளி, ஒரு மூலையில் மிஞ்சியிருந்த நாற்பது ஐம்பது கண்டல் மரங்கள். மற்றதெல்லாம் விறகாகப் போய்விட்டது. ஆனால் அந்த மூலையில்தான் கொக்கும் நீர்க்காகமும் அடைந்தன. தண்ணீருக்குள் காலூன்றி நிற்கும் அந்த வேர்களுக்குள்தான் இறால் குஞ்சுகள் வளர்ந்தன.

கொழும்பிலிருந்து கட்டளை வந்தது: வெறுங்கரை முழுவதும் கண்டல் நடவேண்டும். எப்படி நடுவது என்று அதில் இல்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். (கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிற வயது.) அதோடு, எனக்கா மரம் நடத் தெரியாது? எங்கள் ஊரில் மரம் விதையிலிருந்து வருவதில்லை, பக்கத்து வேலியிலிருந்து வருகிறது. பூவரசோ கிளுவையோ, ஒரு கொப்பை வெட்டி வேலிக் கதியாலாக ஊன்றிவிட்டால் கொஞ்ச நாளில் தளிர்த்துவிடும். நடக்கப் பழகிய நாளிலிருந்து கதியால் பிடித்துக் கொடுத்து வளர்ந்தவன் நான்.

ஆகவே இரண்டு கூலியாட்களுடன் கண்டலுக்குள் இறங்கினேன். நேரான, கைப்பிடி மொத்தமான கொப்புகளாகப் பார்த்து வெட்டினோம். கொக்குகள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. என்னை வாழ்த்துகின்றன என்று எடுத்துக்கொண்டேன். நாலு நாளில் கரை நெடுக முந்நூறு கதியால், கயிறு பிடித்து, முழத்துக்கு ஒன்று. ஒரு வாரம் இலை வாடவில்லை. "அனைத்தும் செழிப்பாகத் தளிர்க்கின்றன" என்று அறிக்கை எழுதினேன். அதைப் படித்து மகிழ்ந்துபோன மேலதிகாரி, நேரில் பார்க்க வருவதாகத் தந்தி கொடுத்தார்.

தந்தி வந்த அன்றுதான் இலை உதிரத் தொடங்கியது. வெட்டுப்பட்ட மரங்களில் மிச்சமிருந்த இலைகளும் பழுத்துக் கொட்டின. (பூவரசு வெட்ட வெட்டத் தழைக்கும். கண்டலை மொட்டையடித்தால் திரும்பத் துளிர்க்காது. இது பிறகு கிடைத்த ஞானம்.) நான் தண்ணீர் ஊற்றினேன். கடல்நீரேரிச் சேற்றில் முழங்காலளவு நின்றுகொண்டு, ஊர்க் கிணற்றிலிருந்து வாளி வாளியாக நன்னீர் சுமந்துவந்து ஊற்றினேன்.

அப்படி ஊற்றிக்கொண்டு நின்றபோதுதான் மாசிலாமணி வந்தான். என் வயதுக்காரன். அந்தக் கண்டலடியில் வீச்சுவலை போட்டு இறால் பிடித்து, தாயையும் மூன்று தங்கச்சிமாரையும் பார்க்கிறவன். இரண்டு மாதமாக முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தான். மொட்டை மரங்களைப் பார்த்தான். பிறகு என்னையும் என் வாளியையும் பார்த்தான்.

"ஓவசியர், உதென்ன வேலை?"

"கண்டல் நட்டிருக்கிறன்."

"கதியாலோ?"

"ஓம்."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் அழப்போகிற மாதிரி ஆனது. "உந்த வேருக்கைதான் எங்கடை சோறு கிடந்தது," என்றான். திரும்பி நடந்தான். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். வெட்கத்தில் வாளியைச் சேற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறினேன்.

மறுநாள் மேலதிகாரி வந்தார். வெள்ளைச் சப்பாத்து. கரையில் இறங்கியதும் வழுக்கியது. பிடிமானத்துக்கு என் கதியால் ஒன்றைப் பிடித்தார். அது சுகமாகக் கழன்று கையோடு வந்தது. அவர் சேற்றில் தொப்பென்று இருந்தார். எழும்புவதற்கு அடுத்ததைப் பிடித்தார். அதுவும் வந்தது. இரண்டு கையிலும் இரண்டு தடியுடன், வேர் என்று ஒரு மயிரிழைகூட இல்லாத அவற்றின் அடியை மாறி மாறிப் பார்த்தார்.

"இதுதான் நீர் எழுதின செழிப்போ?"

தடிகளை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன்.

"நாளைக்கே உம்மை மாத்திறன். மன்னாருக்குப் போம்."

உள்ளூர எனக்கு நிம்மதியாக இருந்தது. மாசிலாமணியின் முகத்தில் இனி முழிக்கவேண்டாமே! ஆனால் மேலதிகாரியைத் தூக்கிவிட ஓடிவந்த மாசிலாமணி பாதியில் நின்றான்.

"மாத்தாதேங்கோ ஐயா. வெட்டினவர் போனால் ஆர் நடுறது? புதுசா வாறவர் மிச்சத்தையும் வெட்டுவார். இவர் இனிச் செத்தாலும் வெட்டார்."

மேலதிகாரி சேற்றில் இருந்தபடியே யோசித்தார். "வாற வருசம் வருவன். மரம் நிக்கவேணும். இல்லாட்டி நீர் மன்னாருக்கில்லை, வீட்டை போம்."

மாரி பிறந்தது. என் கத்திக்குத் தப்பிய பத்துப் பன்னிரண்டு மரங்களில் முருங்கைக்காய் போலக் காய்கள் தொங்கின. கண்டல் காய் மரத்திலேயே முளைத்துவிட்டுத்தான் கீழே விழுமாம். காயைக் கையில் தந்து, "உதைச் சேத்திலை குத்தும்," என்றான் மாசிலாமணி. குத்தினேன். நூறு காய் குத்தி நிமிர்ந்தபோது, பின்னால் வந்தவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். எல்லாம் தலைகீழ். (கூரான பக்கம் மேலே இருந்தால்தானே அழகு?) அவனுடைய தங்கச்சிமார் வந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பிடுங்கித் திருப்பி நட்டார்கள்.

அடுத்த வருடம் மேலதிகாரி வெறுங்காலோடு இறங்கினார். கன்றுகளில் நாலைந்து சோடி இலை. ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

"ஐயா, காணும், விடுங்கோ!" என்று நானும் மாசிலாமணியும் ஒரே குரலில் கத்தினோம்.

நான் மாறிப் போகவேயில்லை. இரண்டு முறை நல்ல இடங்களுக்கு மாற்றம் வந்தும் வேண்டாம் என்று எழுதினேன். கன்றுகள் என் உயரத்தைத் தாண்டிய வருடம் வேருக்குள் இறால் துள்ளியது. அன்றைக்கு நான் அழுதேன். மாசிலாமணி பார்க்காத மாதிரி வலையை உதறினான்.

எழுபதுகளில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். தாய்மாமன் என்று, கலியாணப் பந்தலில் கன்னிக்கால் ஊன்ற முள்முருங்கைத் தடியை என் கையில் தரப் போனார்கள். அது தளிர்த்தால் சோடி நன்றாக வாழும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அக்கா சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"ஐயோ, உவன்ரை கையிலை குடாதேங்கோ! என்ரை பிள்ளை வாழவேணும்!"

குருக்களே சிரித்துவிட்டார். அத்தானின் தம்பி தடியை ஊன்றினார். நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணமானாலும் எனக்குச் செம்புதான்.

கலியாணம் முடிந்த நாலாம் நாள், நாலாஞ் சடங்கு விருந்துக்கு மாசிலாமணி ஒரு பெட்டி இறாலோடு வந்தான்.

"எங்கை தம்பி உவ்வளவு பெரிய இறால்?" என்று அக்கா கேட்டாள்.

"உங்கடை தம்பியின்ரை கண்டலுக்கை பிடிச்சது, அக்கா."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பந்தியில், மாப்பிள்ளைக்குப் போடும் முன், எனக்கு அந்த இறால் கறியில் ஓர் அகப்பை நிறையப் போட்டாள்.